மாப்பிள்ளை கேட்ட தச்சுச் சாமான்

திருப்பருத்திக்குன்றத்தில் யாருக்குக் கடப்பாரை தேவைப்பட்டாலும் மல்லிநாத நயினார் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் கஞ்சர் என்பதால் அல்ல. விதைநெல் இல்லையென்று வந்தவனை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஊரில் கலியாணம் என்றால் ஜமக்காளமும் அண்டாவும் அவர் வீட்டிலிருந்துதான் போகும். ஆனால் அரிவாள், கோடரி, மண்வெட்டி, கத்தி என்று உயிருக்குத் தீங்கு செய்யக்கூடிய எதையும் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை என்று, ஊருக்கு வந்திருந்த சமண முனிவர் ஒருவர் முன்னால் வாலிப வயதிலேயே விரதம் எடுத்துக்கொண்டவர் அவர். நம் கையை விட்டுப் போன கருவி எந்த உயிரை வதைக்கும் என்று நமக்குத் தெரியாது. தெரியாமல் நடக்கும் பாவத்திலும் கொடுத்தவனுக்குப் பங்கு உண்டு. அதுதான் கணக்கு.

அவர் வயலில் வேலை செய்கிறவர்கள் தங்கள் மண்வெட்டியைத் தாங்களே கொண்டுவருவார்கள். அவர் மனைவி தயாவதியிடம் அரிவாள்மனை இரவல் கேட்டு வந்தால், வந்தவளின் காயை வாங்கித் தானே நறுக்கிக் கொடுத்து அனுப்புவாள். குடும்பம் என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நாலு பேர் ஒன்றாகச் சாப்பிடுகிற இடம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் வைகாசியில் அவருடைய ஒரே மகள் சுகுமாரிக்குக் கலியாணம் ஆயிற்று. மாப்பிள்ளை அபிநந்தனுக்கு வந்தவாசிப் பக்கம். நல்ல நயினார் குடும்பம். சென்னையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. குலமும் படிப்பும் சரி, கிருதாதான் கொஞ்சம் நீளம் என்று மல்லிநாதர் தயாவதியிடம் மட்டும் சொல்லி வைத்தார். கால்சராயின் கீழ்ப்பக்கம் தெருக்கூட்டும் அளவுக்கு அகலமாக இருந்ததையும் அவர் கவனிக்காமல் இல்லை.

தலை தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். எண்ணெய் ஸ்நானம் ஆகி, கோயிலில் அன்றைக்கே வரும் தீர்த்தங்கரரின் முக்தி நாள் பூஜையும் முடிந்து, உறவினர் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலை தீபாவளியன்று மாமனார் பங்காளிகள் முன்னிலையில் மாப்பிள்ளையை என்ன வேண்டும் என்று கேட்பார். மாப்பிள்ளை எதைக் கேட்டாலும், அவர் ஊர் திரும்புவதற்குள் மாமனார் தன் கையாலேயே அதைக் கொடுத்தாக வேண்டும். மல்லிநாதருடைய தகப்பனார் ஒரு ஜோடி காளை கொடுத்திருக்கிறார். பங்காளி தரணேந்திரன் போன வருஷம் தன் மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் கொடுத்தவர். அதைப் பற்றிய பேச்சை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

மல்லிநாதர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். “மாப்பிள்ளை, என்ன வேணும்னு கேளுங்க. கேட்டது கிடைக்கும்.”

அபிநந்தன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். “தச்சு சாமான் வேணும் மாமா.”

“என்ன சாமான்?”

“சின்ன ரம்பம் ஒண்ணு, இழைப்புளி, ரெண்டு மூணு உளி, அரம், கிளாம்பு. பேசிக்கா இருந்தா போதும். நானே ஒரு கிடார் செய்யலாம்னு இருக்கேன்.”

தரணேந்திரன்தான் முதலில் சிரித்தார். “டெலிபோன் ஆபீஸ்ல வேலை செய்யறார்னு சொன்னீங்களே அண்ணே. ஆசாரி வேலையும் உண்டா?”

சுகுமாரியின் முகம் சிவந்தது. அபிநந்தன் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரம்பூரில் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் தனக்குக் கிடார் கற்றுக்கொடுத்ததையும், அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது கிடாரும் கூடவே போய்விட்டதையும் சொன்னான்.

“அப்போ ஒரு கிடாரே வாங்கிக் கொடுத்துடறேனே,” என்றார் மல்லிநாதர். அவர் குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

“வாங்கினா வாசிக்கலாம் மாமா. செஞ்சாத்தான் அது ஏன் அப்படிப் பேசுதுன்னு தெரியும்.”

மல்லிநாதர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். “சரி. நாளைக்குக் காஞ்சிபுரம் போய் வாங்கலாம்,” என்றார்.

வேறு என்ன சொல்ல முடியும்? பங்காளிகள் முன்னால் கொடுத்த வாக்கு அது. முனிவர் முன்னால் எடுத்தது விரதம். உளியைக் கொடுத்தால் விரதம் போயிற்று. கொடுக்காவிட்டால், தலை தீபாவளியில் மாப்பிள்ளை கேட்டதை இல்லையென்று சொன்ன வீடு என்று பெயர் வரும். அது சுகுமாரி காலம் முழுக்கச் சுமக்க வேண்டிய பெயர். விரதத்தைப் பற்றி அங்கேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கேட்ட வாய் மூடுவதற்குள் விரதத்தை எடுத்து நீட்டினால், அது கொடுக்க மனமில்லாதவன் தேடிப் பிடித்த சாக்கு மாதிரி இருக்காதா?

மத்தியானம் மற்றவர்கள் படுத்திருந்தபோது தயாவதி மெல்ல அருகில் வந்தாள்.

“என்னங்க, கடைக்காரர் கையாலயே மாப்பிள்ளைகிட்ட நேரா கொடுக்கச் சொல்லிட்டா என்ன? நீங்க தொட வேண்டியதே இல்லையே.”

“விரதத்துக்குக் கொல்லைப்புறம் வாசல் வைக்கச் சொல்றியா?”

“அப்போ என்னதான் செய்யப்போறீங்க?”

“யோசிக்கணும்.”

“யோசிங்க. அவங்க நாளன்னிக்குக் கிளம்பறாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் மாமனாரும் மாப்பிள்ளையும் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியெல்லாம் அபிநந்தன் கிடாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். உடம்புக்கு மெல்லிய பலகை, கழுத்துக்குத் தேக்கு, கழுத்து நேராக இல்லாவிட்டால் ஒரு சுரமும் நேராக நிற்காதாம். கழுத்து நேராக இருக்க வேண்டும் என்பது மட்டும் மல்லிநாதருக்குப் பிடித்திருந்தது.

வீரபாகு முதலியாரின் இரும்புக் கடை பிள்ளையார்பாளையம் போகும் வழியில் இருந்தது. முதலியாருடைய தம்பிகள் எல்லாரும் தறியில். இவர் ஒருவர்தான் இரும்புக்கு வந்தவர். கடைக்குப் பின்னால் தறிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“வாங்க நயினாரே. புது மாப்பிள்ளையா? சீர் வாங்கறதுக்கு இரும்புக் கடைக்கு வந்த மொத மாமனார் நீங்கதான்.”

அபிநந்தன் தனக்கு வேண்டியதைச் சொன்னான்.

“கிடாருன்னா, சினிமால பசங்க கழுத்துல மாட்டிக்கினு ஆடுறானுங்களே, அதுவாபா?”

“அது ஒரு சங்கீத வாத்தியம்,” என்றார் மல்லிநாதர் விறைப்பாக. கிடாருக்காகத் தான் ஒருநாள் வாதாடுவோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

முதலியார் முதலில் ரம்பத்தை எடுத்து வைத்தார். மல்லிநாதர் அதன் பல்லில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பல் தோலைப் பிடித்தது. “பிடி ஆடுது,” என்று ஓரமாகத் தள்ளினார்.

“ஆமா மாமா. பல் வரிசையும் சுமார்தான்,” என்றான் அபிநந்தன்.

உளி வந்தது. “இரும்பு மட்டம்,” என்றார் மாமனார். “கொஞ்சம் கோணலாவும் இருக்குது,” என்றான் மாப்பிள்ளை. இழைப்புளி வந்தது. “கட்டை வெடிச்சிருக்குது,” என்று இவர் சொல்ல, “அதான் நானும் பார்த்தேன்,” என்று அவன் ஒத்து ஊதினான்.

முதலியார் இழைப்புளியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கபா வெடிச்சிருக்குது? என்னவோ பொண்ணு பார்க்க வந்தா மாதிரி ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குறை சொல்லிக்கினு இருக்கீங்க. இது நல்ல கருவேலங்கட்டை.”

“மத்ததை எடுங்க,” என்றார் மல்லிநாதர்.

அரங்கள் வந்தன. மரம் தேய்க்க முரட்டுப் பல் வைத்த மர அரம், அரைவட்ட அரம், எலிவால் மாதிரி நுனி மெலிந்த உருண்டை அரம். மல்லிநாதர் ஒவ்வொன்றையும் தன் முன்கையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். தோல் சிவந்ததே தவிர அறுபடவில்லை. அறுபடாததை எல்லாம் ஒரு பக்கமாக அடுக்கினார்.

“எல்லாரும் கூராயிருக்கறதைப் பொறுக்கி எடுப்பாங்க. நீங்க மொண்ணையைப் பொறுக்கிக்கினு இருக்கீங்களே,” என்றார் முதலியார்.

மூலைமட்டம் வந்தது. அங்குலக் கோல் வந்தது. உப்புத்தாளில் முரடு, நடுத்தரம், நைசு என்று மூன்று வகையும் வந்தன. மல்லிநாதர் எதிலும் குறை காணவில்லை. கிளாம்பு வந்தபோது அபிநந்தனின் முகம் மலர்ந்தது. “இதுதான் மாமா முக்கியம். பலகையெல்லாம் பசை காயற வரைக்கும் அப்படியே அழுத்திப் பிடிச்சிருக்கணும். எத்தனை இருந்தாலும் பத்தாது.” இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே மரத்தை வைத்துத் திருகினால் இறுகும் கருவி அது. யாரையும் வதைக்கத் தெரியாத சாது. மல்லிநாதர் கடையிலிருந்த கிளாம்புகளை எல்லாம் எடுக்கச் சொன்னார்.

பசை என்றதும் முதலியார் பழுப்பு நிறக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். “வஜ்ஜிரம். காய்ச்சி ஊத்தினா உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பிரியாது.”

மல்லிநாதர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அபிநந்தன் சொன்னான்: “அது வேணாங்க. மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கறது. எங்க வீட்டுல ஆகாது. இப்போ டப்பாவுல வெள்ளைப் பசை வருதே, அதுவே கெட்டியாப் பிடிக்கும்.”

எங்க வீட்டுல. மல்லிநாதர் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். கிருதா நேற்று இருந்த நீளத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவர் மனத்தில் ஏதோ ஒன்று இளகியது. இளகிய கையோடு உறுத்தவும் செய்தது. இந்தப் பிள்ளை பளிச்சென்று உண்மையைச் சொல்லி வஜ்ஜிரத்தை விலக்குகிறான். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஆடாத பிடியை ஆடுகிறது என்றேன். நல்ல இரும்பை மட்டம் என்றேன். வெடிக்காத கட்டையை வெடித்தது என்றேன். உயிர்வதைக்கு அஞ்சி எடுத்த விரதத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பொய் சொல்லாமையை வரிசையாக உடைத்துக்கொண்டிருக்கிறேன். கொல்லைப்புற வாசல் வைக்க மாட்டேன் என்று வீம்பு பேசிவிட்டு, சுவரையே இடித்து வழி பண்ணியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தரணேந்திரன் கடைக்குள் நுழைந்தார். வேறு வேலையாக வந்தவர் போலத்தான் வந்தார். கண் மட்டும் நேராகச் சாமான் குவியலுக்குப் போயிற்று.

“என்ன அண்ணே, அரமா அடுக்கி வெச்சிருக்கீங்க. மாப்பிள்ளை கேட்ட உளி எங்கே? ரம்பம் எங்கே? என் மாப்பிள்ளை மாதிரி ஸ்கூட்டரா கேட்டார் இவ்ளோ யோசிக்கறதுக்கு?”

முதலியார் முந்திக்கொண்டார். “என் சாமான் எல்லாம் மட்டமாம். ரெண்டு பேரும் சேர்ந்து என் வியாபாரத்துக்குக் கருமாதி பண்ணிக்கினு இருக்காங்க.”

மல்லிநாதர் எழுந்து நின்றார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“முதலியாரே, உங்க ரம்பத்துல பிடி ஆடலை. உளி நல்ல இரும்பு. இழைப்புளியில வெடிப்பு இல்லை. நான் சொன்னது மூணும் பொய். என்னை மன்னிக்கணும்.” பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, உயிருக்குத் தீங்கு செய்யற கருவி எதையும் இன்னொருத்தர் கையில கொடுக்கறதில்லைன்னு எனக்கு விரதம் இருக்குது. நேத்தே சொல்லியிருக்கணும். நாலு பேர் முன்னால இல்லைன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கினு இருந்துட்டேன். உளி, ரம்பம், இழைப்புளி, இந்த மூணையும் என்னால கொடுக்க முடியாது. கேட்டதைக் கொடுக்கலைன்னு நீங்க நினைச்சா, அது நியாயம்தான்.”

தன் வாயால், தரணேந்திரனை வைத்துக்கொண்டு, இரும்புக் கடையில் நின்று அவர் இதைச் சொன்னார். சொல்லும்போதும் முதுகு வளையவில்லை.

தரணேந்திரன் தொண்டையைக் கனைத்தார். “அப்போ கேட்டதுல பாதிதான் சீர்னு சொல்லுங்க.”

அபிநந்தனும் எழுந்துவிட்டான். “மாமா, எனக்குத் தெரியும். நேத்துச் சாயங்காலமே சுகுமாரி சொல்லிட்டா. தெரியாமக் கேட்டுட்டேன். நானா வேணாம்னு சொன்னா உங்களுக்குக் குறைச்சலாப் போயிடுமேன்னுதான், நீங்க குறை சொல்லச் சொல்ல நானும் கூடவே சொல்லிக்கினு வந்தேன். முதலியாரே, நானும் பொய்தான் சொன்னேன். மன்னிச்சுக்கங்க.”

“அதானே பார்த்தேன்,” என்றார் முதலியார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. “என் இரும்பு மட்டமாவாவது.”

அபிநந்தன் தரணேந்திரனைப் பார்த்துக் கையைக் குவித்தான். “சின்ன மாமா, பங்காளிங்க முன்னால மாப்பிள்ளை கேக்கணும், மாமனார் கொடுக்கணும். அதானே முறை?”

“ஆமா.”

“தீபாவளிக்கு வந்தவன் இன்னும் ஊருக்குத் திரும்பலை. நீங்களும் பங்காளிதான். அதனால இப்போ கேக்கறேன். நேத்துக் கேட்டது வேணாம்.” அவன் மாமனாருக்கு எதிரே வந்து நின்றான். “மாமா, எனக்கு மர அரம் வேணும். அரைவட்ட அரம், எலிவால் அரம் வேணும். மூலைமட்டம், உப்புத்தாள், வெள்ளைப் பசை வேணும். இந்தக் கிளாம்பு எல்லாம் வேணும். இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.”

மல்லிநாதர் கிளாம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அரங்களின் பக்கத்தில் அடுக்கினார்.

“இதை வெச்சுக்கினு கிடார் செய்ய முடியுமாபா?” என்று கேட்டார் முதலியார்.

“பலகையை மரவாடியில அளவு சொல்லி அறுத்து வாங்கிக்கலாம். ஓட்டை போட எங்க ஆபீஸ் நண்பர் கை டிரில் தருவார். கழுத்தை உளியால ஒரே நாள்ல செதுக்கறதை அரத்தால தேய்ச்சா பல நாள் ஆகும். ஆனா உளி ஒருதரம் தப்பாப் போச்சுன்னா மரம் போச்சு. அரம் அப்படி அவசரப்படாது. முதல் கிடாருக்கு இதுதான் சேஃப்.”

“நீங்க சொந்தமா வாங்கிக்கறதை நான் தடுக்கப்போறதில்லை மாப்பிள்ளை,” என்றார் மல்லிநாதர்.

“வாங்கலாம் மாமா. ஆனா அப்போ அது உங்க சீர்ல செஞ்ச கிடார் இல்லையே.”

கேட்டதெல்லாம் கொடுக்கப்படுகிறது என்பதற்கு தரணேந்திரனே சாட்சியாகிவிட்டார். ஆணி வாங்க வந்ததாகச் சொல்லிக் கொஞ்சம் ஆணி வாங்கிக்கொண்டார்.

சாமான் எல்லாவற்றையும் முதலியார் சாக்கில் கட்டினார். நல்ல கனம். அபிநந்தன் தூக்கக் குனிந்தபோது மல்லிநாதர் கையை நீட்டித் தடுத்தார். மாமனார் மாப்பிள்ளையின் மூட்டையைத் தூக்குவது அந்த வம்சத்தில் நடக்காத காரியம். அவர் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

திரும்பும் வழியில் மல்லிநாதர் மாடுகளை அவற்றின் நடைக்கே விட்டுவிட்டார். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் குலம், கோத்திரம், நிலம், உத்தியோகம் எல்லாவற்றையும் விசாரித்ததை அவர் நினைத்துக்கொண்டார். இன்னொருவருடைய விரதத்தைத் தன் விரதம் போல் காப்பானா என்று விசாரிக்க அவருக்குத் தோன்றியதில்லை. விசாரித்திருந்தாலும் யாருக்குத் தெரிந்திருக்கும்? கேட்காமலே கிடைத்திருக்கிறது. முன்னோர் செய்த புண்ணியம் என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் புலப்படவில்லை.

வீட்டில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்து, நடுவில் அரங்களையும் கிளாம்புகளையும் அடுக்கி, தயாவதி கொண்டுவந்து நிறுத்தினாள். மல்லிநாதர் இரண்டு கையாலும் தாம்பாளத்தை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். கொடுப்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

பங்குனியில் மகளும் மாப்பிள்ளையும் கிடாரோடு வந்தார்கள். கடைக் கிடாரை விட அதன் கழுத்து கொஞ்சம் தடிமனாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் பசை வழிந்த தடம் தெரிந்தது.

“இத்தனை மாசமும் எங்க வீட்டுச் சோத்துல மரத்தூள்தான்மா,” என்று சுகுமாரி தாயிடம் புகார் சொன்னாள். “ராத்திரியும் பகலும் தேய்ச்சுக்கினே இருக்கார். பக்கத்து வீட்டுக்காரங்க எலி சுரண்டுதுன்னு பொறி வெச்சுட்டாங்க.”

அபிநந்தன் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தான். கோயிலில் காலைப் பூஜையில் பாடுகிற பாட்டையே மெதுவாக வாசித்தான். ஒரு தந்தி லேசாகக் கரகரத்தது. அதை அவனே சொல்லி, அடுத்த கிடாரில் சரிசெய்துவிடுவேன் என்றான். மல்லிநாதர் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் அப்படியெல்லாம் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

அந்த வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அபிநந்தன் சோற்றில் கை வைத்தபோது அவன் உள்ளங்கை மல்லிநாதரின் கண்ணில் பட்டது. விரல்களின் அடியிலும் கட்டைவிரல் ஓரத்திலும் தோல் காய்த்து, பழுத்த ஏர்க்காரன் கை போல் இருந்தது. டெலிபோன் ஆபீஸ் வேலையில் அந்தக் காய்ப்பு வராது.

தயாவதி நெய்க் கிண்ணத்தோடு வந்தாள். மல்லிநாதர் இலையை விட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவளிடமிருந்து கிண்ணத்தை வாங்கினார். அந்த வீட்டில் அவர் யாருக்கும் பரிமாறியதில்லை. தயாவதியும் சுகுமாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் குனிந்து மாப்பிள்ளையின் சோற்றில் நெய்யை ஊற்றினார்.

“போதும் மாமா,” என்றான் அபிநந்தன்.

அவர் காதில் வாங்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.